ரோசன்பெர்க்னாலே யூதர்னு முடிவு கட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த குடும்பப் பெயர் கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்களே, அதுதான் உறுத்துது. பெர்க், ஸ்டைன்னு முடிஞ்சா யூதப் பேருன்னு ஒரே போடா போட்டுட்டீங்க, உதாரணத்துக்கு ரோசன்பெர்க் வேற. ஹிட்லர் கட்சிக்கு தத்துவம் எழுதிக் குடுத்து, யூத வெறுப்ப பக்கம் பக்கமா கக்கி, 1946-ல நியூரம்பெர்க்ல தூக்குல தொங்குன ஆல்ஃபிரட்டோட குடும்பப் பேர் என்னங்க? ரோசன்பெர்க்தான். உளவு கேஸ்ல 1953-ல அமெரிக்காவுல மின்சார நாற்காலில உக்கார வச்ச ஜூலியஸ், எத்தல் தம்பதியும் ரோசன்பெர்க்தான், அவங்க யூதர்கள்.

ரோஜா மலைன்னு அர்த்தம் வர்ற இந்தப் பேர்ல ஜெர்மன்காரங்க குடியிருந்த பக்கமெல்லாம் ஊர் உண்டு. பவேரியாவுல சுல்ஸ்பாக்-ரோசன்பெர்க் இருக்கு, இப்போ போலந்துல இருக்குற ஒலெஸ்னோவுக்கும் ஸ்லோவாக்கியாவோட ருஜொம்பெரொக்குக்கும் ஜெர்மன்ல ரோசன்பெர்க்னுதான் பேரு. செக் பக்கம் அஞ்சு இதழ் ரோஜாவ சின்னமா வச்சிருந்த பிரபு குடும்பம் ஒண்ணு, 1611-ல வாரிசு இல்லாம முடிஞ்சுபோச்சு, அவங்க பேரும் ஜெர்மன்ல இதேதான், அசல் கிறிஸ்தவங்க. ஸ்வீடன்லயும் இருக்காங்க, இசையமைப்பாளர் ஹில்டிங் ரோசன்பெர்க் அந்த நாட்டுக்காரர்தான்.

அப்ப யூதர்களுக்கு எப்படி வந்துச்சுன்னா, பெரும்பாலானவங்களுக்கு அதுவரைக்கும் பரம்பரைப் பேரே கிடையாது, நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேரோட சரி. 1787-ல ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், யூதர்கள் எல்லாரும் நிலையா ஒரு ஜெர்மன் குடும்பப் பேர் வச்சே ஆகணும்னு உத்தரவு போட்டார், வரி வசூலுக்கும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் ரெஜிஸ்டர் வேணும்ல. 1772-லயே கலீசியா (இப்போ போலந்துலயும் உக்ரைன்லயும் இருக்குற பகுதி) ஆஸ்திரியா கைக்கு வந்திருந்ததால, ஜெர்மனிய கண்ணாலயே பாக்காத, வீட்டுல இட்டிஷ்ங்குற யூதர் மொழி பேசுற குடும்பங்களுக்கும் ஜெர்மன் பேர் ஒட்டிக்கிச்சு. அப்போ ஜெர்மன் நாடுகள்ல ஒண்ணா இருந்த பிரஷ்யாவுல 1812-ல இதே கதை. ரோஜா, தங்கம், மலைன்னு கேக்க அழகா இருக்குற பேர்கள் நெறைய பேருக்கு அமைஞ்சுது. பின்னாடி 1880-கள்ல இருந்து 1924 வரைக்கும் கிழக்கு ஐரோப்பாவ விட்டு சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனாங்க, அதனாலதான் அங்க இந்தப் பேர கேட்டதும் யூதர்னு தோணுது. அமெரிக்காவுல டங்கின் டோனட்ஸ்ங்குற கடைகள ஆரம்பிச்ச வில்லியம் ரோசன்பெர்க் கூட யூதர்தான். ஆனா நியூயார்க் கணக்க எடுத்துட்டுப் போய் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் போட்டா எப்படிங்க?

இன்னொண்ணு, பேர வச்சு ஆள கண்டுபிடிக்க முடியும்னா நாஜிக்களுக்கே வேலை மிச்சமாகிருக்கும். முடியலங்குறதாலதான் 1938 ஆகஸ்ட்ல தனியா ஒரு உத்தரவு போட்டு, பார்த்ததும் யூதப் பேர்னு தெரியாத முதல் பேர் இருந்தா ஆம்பளைங்க இஸ்ரேல், பொம்பளைங்க சாரான்னு கூடவே சேத்துக்கணும்னு 1939 ஜனவரில இருந்து கட்டாயமாக்குனாங்க. அதனால அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் போட்டுடுங்க.

அடுத்த இதழ்ல ரோத்சைல்டுங்குற வங்கிக் குடும்பம் பத்தி வருதுன்னு பார்த்தேன். பிராங்பர்ட் யூதர் தெருவுல சிவப்புக் கேடயம்னு பேர் வச்ச வீட்டுல இருந்ததால வந்த பேர் அது, பின்னாடி அதே தெருவுல பச்சைக் கேடயம் வீட்ட வாங்கிக் குடி போயும் குடும்பம் பேர மாத்திக்கல. இத மறக்காம எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், திருநெல்வேலி