முந்நூறு வாங்கி நூறு பார்த்த கதை

மேலமாசி வீதி,
மதுரை

அன்புப் பாப்பாவுக்கு,

ஆபீசுக்கு இன்டர்நெட் லைன் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட் வேகம்) போடவா, 500 போடவா என்று நேற்று போனில் கேட்டாய். கடையில் பெண் வீட்டார் பத்திரிகை புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடைக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை, வெட்கம்தான். சிவகாசி அச்சகத்துக்கு ஃபைல் அனுப்ப நேரமாகிறது என்று 100 பிளானை 300 ஆக்கினேன். ஆறு மாதம் கூடுதல் பணம் கட்டியும் ஒரு மாற்றமும் இல்லை. நெட் கம்பெனியில் கேட்டால், "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்பார்கள். அதுவும் பொய் இல்லை. டிசைன் போடும் தம்பிதான் ஒருநாள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அக்கா, லைன் 100-லயே நிக்குது" என்றான். பரணில் ஏறிப் பார்த்தால், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் ஒயரை எலி கடித்திருக்கிறது. உள்ளே எட்டு இழை. நாலு நன்றாக இருந்தாலே 100 ஓடிவிடும், அதற்கு மேல் போக எட்டும் வேண்டுமாம். மொத்தமாக அறுந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். பாதி ஓடி ஏமாற்றியது, பாவி ஒயர்.

சரி, ஒயரை மாற்றியாயிற்று. படம் எல்லாம் பறந்து வந்து இறங்குகிறது. சிவகாசிக்கு ஃபைல் போவது மட்டும் பழையபடிதான். அப்போதுதான் பிளானை ஒழுங்காகப் படித்தேன். பெரிய எழுத்தில் இருந்த 300 டவுன்லோடுக்கு, அதாவது நம்மிடம் இறங்குவதற்கு. நாம் அனுப்புகிற அப்லோடு வெறும் 10. இந்த எம்பிபிஎஸ் கணக்கை எட்டால் வகுத்தால்தான் ஃபைல் அளவில் நாம் பார்க்கும் எம்பி வரும். 10 என்றால் நொடிக்கு ஒன்றேகால் எம்பி. 1.2 ஜிபி காலண்டர் ஃபைல் ஏற 16 நிமிடம். அப்லோடும் 100 என்றால் அதே ஃபைல் ஒன்றரை நிமிடம் சொச்சத்தில் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ள ஆறு மாத பில் கட்டியிருக்கிறேன்.

நீயும் வீட்டு பிளான் வரைபடங்களை அனுப்பத்தானே போகிறாய்? அதனால் முதல் கேள்வி, "அப்லோடு எவ்வளவு?" என்பதாக இருக்கட்டும். உங்கள் ஆறு பேரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வீடியோ காலில் இருந்தாலும், ஆளுக்கு 4 என்று 12 போதும். கண்காணிப்பு கேமராவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது உள்ளே இருக்கும் பெட்டியில் பதிந்தால் தொல்லை இல்லை. நெட் வழியாக வெளியே கிளவுடுக்கு, அதாவது கம்பெனிக்காரர் கம்ப்யூட்டருக்கு, அனுப்புகிற ரகம் என்றால் ஒவ்வொன்றும் 2, 3 என்று ராப்பகலாக அப்லோடைத் தின்னும். எல்லாம் சேர்த்தாலும் ஏறவும் இறங்கவும் 100 கொடுக்கிற பிளான் உனக்குத் தாராளம். மாதத்துக்கு இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்களா என்றும் கேட்டுவிடு.

மிச்சப் பணத்தில் வேறு கம்பெனியில் சின்னதாக இன்னொரு லைன் போடு. சித்திரைத் தேர் வரும்போது நம் வீதியில் குறுக்கே தொங்கும் ஒயரை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள், தெரியுமல்லவா? அம்மனும் சுவாமியும் வரும்போது நெட் எதற்கு என்று நானும் கடையைச் சாத்திவிடுவேன். உனக்கு அப்படி முடியாது. 20-ம் தேதி ஜிஎஸ்டி கட்ட உட்காரும்போது லைன் போனால் தெரியும் கஷ்டம். இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வராமல் பார்த்துக்கொள், வந்தால் சேர்ந்தேதான் அறும். கரண்ட் போனாலும் ஓட, மோடத்தையும் யுபிஎஸ்ஸில் மாட்டு.

அப்புறம், வைஃபையை மட்டும் நம்பாதே. மேஜை கம்ப்யூட்டருக்கெல்லாம் ஒயர் இழுத்துவிடு. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலைவரிசை வேகமாக இருக்கும், ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். உன் அறை இரண்டு சுவர் தள்ளி இருக்கிறது என்றாயே.

லைன் வந்ததும் லேப்டாப்பில் ஒயர் மாட்டி ஸ்பீடு டெஸ்ட் எடுத்து எனக்கு அனுப்பு, செல்போனில் எடுத்தது வேண்டாம். ஒயர் முனை போடும் கருவி ஒன்று உனக்கும் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் ஆரப்பாளையத்தில் கோயமுத்தூர் பஸ் ஏறுகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே அதிரசமும் இருக்கும், எறும்பு வருவதற்குள் எடுத்து வை.

அம்மா