சுங்குடியில் மிளகளவு ஓட்டை

யாங்கோன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வைபரில் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுங்குடிச் சேலையில் மிளகளவு ஓட்டை. அதற்குப் போய் அழுதாயாமே, தம்பி சொன்னான். தப்பு என்னுடையது. கஞ்சி போட்டபடியே மடித்து உன் பெட்டியில் வைத்துவிட்டேன். கஞ்சித் துணி என்றால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்துதான். எடுத்து வைக்கிற சேலையை அலசிக் காயவைத்துத்தான் வைக்கவேண்டும் என்று பாட்டி தலைப்பாடாக அடித்துக்கொள்வாள்.

தையல்காரரிடம் கொடுத்து மேலே ஒரு பூ வைத்துத் தைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. மெஷின் தையல் விழுந்த இடம் விறைத்துப்போகும், பழைய துணி அந்த ஓரத்திலேயே கிழியும். கையால் இழையோட்டு.

நூலைக் கடையில் வாங்காதே. இதே சேலையின் முந்தானையில் ஒரு கிழிசலுக்கு நான் சூரத்தி பஜாரில் அரக்கு நூல்கண்டு வாங்கித் தைத்தேன். கடையில் அச்சாகப் பொருந்தியது. இரண்டே வருஷத்தில் சேலை வெளுத்தது, நூல் வெளுக்கவில்லை, தழும்பு மாதிரி தெரிந்தது. பிரித்துவிட்டுச் சேலையிலிருந்தே நூல் எடுத்தேன். இடுப்பில் சொருகும் உள்முனையில் மடிப்புத் தையலைப் பிரித்தால் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் தெரியும். ஊசிமுனையால் கிளப்பி மெதுவாக உருவு. அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

துணிக்கு அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொள். ஓட்டையின் பிசிறை வெட்டாதே. கால் அங்குலம் தள்ளி, நல்ல துணியில் ஆரம்பித்து, முதலில் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் மாதிரி மேலும் கீழுமாக நெருக்கமாக ஓட்டு. திரும்புகிற இடத்தில் நூலைக் கொஞ்சம் தொளதொளவென்று விடு. துவைத்தால் நூல் சுருங்கும், இறுக்கி இழுத்திருந்தால் அந்த இடம் கொசகொசவென்று கூடிக்கொள்ளும். அப்புறம் குறுக்கே, ஒரு நூலுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ், பாய் முடைகிற மாதிரி. முடிச்சு மட்டும் போடாதே.

ஓட்டையின் ஒரு விளிம்பு வெள்ளைப் புள்ளியைத் தொடுகிறது, கவனித்தாயா? அங்கே அரக்கு நூல் ஓடினால் பாதிப் புள்ளி காணாமல் போகும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் பழைய வெள்ளைக் கைக்குட்டையிலிருந்து ஒரு இழை எடு. புதுவெள்ளை பளிச்சென்று அடிக்கும். புள்ளி ஒவ்வொன்றும் கையால் கட்டிய முடிச்சு, சாயம் உள்ளே போகாமல் நின்ற இடம். மதுரையில் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை. 2005-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, ஆனால் இப்போது அச்சுப்போட்டதையும் சுங்குடி என்றுதான் விற்கிறார்கள். கையால் கட்டியதில் ஒரு புள்ளிபோல் இன்னொன்று இருக்காது. நீ ஓட்டும் புள்ளி கோணலாக வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

1964-ல் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு நம் ஆட்கள் கப்பலேறியபோது பெரியபாட்டியும் போய்விட்டாள். பாட்டி போகவில்லை. மதுரையில் கால் ஊன்றிய பிறகு பெரியபாட்டி கொடுத்தனுப்பிய முதல் சேலை இது. பாட்டி இதைக் காளி கோவிலுக்குத் தவிர வேறெங்கும் கட்டியதில்லை. நீ ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போ, எனக்கு ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் வருகிறான். அவனிடம் மெல்லிய ஊசி இரண்டு கொடுத்தனுப்புகிறேன். முந்தானைக்கு உருவியதில் மிச்ச நூல் ஒரு முழம், தீப்பெட்டி அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் நிறம் தூக்கலாக இருக்கும், சேலையில் போடாதே. ஒரு பழைய துணியில் ஓட்டைபோட்டுப் பழகிக்கொள்.

கரண்ட் வந்துவிட்டது. போவதற்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவேண்டும். முடிந்ததும் படம் அனுப்பு, பின்பக்கத்தையும் எடு.

அம்மா