முதல் ஐந்து பேரில் இறங்குவது பரிசு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கூடைப்பந்துக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெஞ்சிலிருந்து மாற்று ஆளாக வந்து, தொடக்கத்தில் இறங்கிய ஐவரைவிட அதிகப் புள்ளி எடுக்கும் ஆட்டக்காரரை இன்னும் உட்கார வைத்திருப்பது அநியாயம் என்கிறார் கட்டுரையாளர். அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளி அணிகளோடு மைதானத்தில் நின்றவன் என்பதால் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை.

பெஞ்ச் ஆட்டக்காரர் எடுத்த புள்ளிகளைப் பார்க்கும்போது, எதிரே யார் ஆடினார்கள் என்றும் பார்க்க வேண்டும். அவர் உள்ளே வரும் நேரத்தில் எதிரணியின் முக்கியமான ஆட்கள் பெரும்பாலும் ஓய்வில் இருப்பார்கள். தன் பக்கத்திலும் முதல்நிலை ஆட்கள் வெளியே இருப்பதால் பந்து அவர் கையைத் தேடி வரும். அதே ஆளைத் தொடக்கத்தில் இறக்கினால், பந்தை வைத்து ஆடிப் பழகிய இருவர் அங்கே ஏற்கெனவே இருப்பார்கள். இவர் மூலையில் நின்று பாஸுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு திறமைதான், ஆனால் வேறு திறமை. அவர் இல்லாத பெஞ்ச் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதையும் கட்டுரை கேட்கவில்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2015 இறுதித் தொடர். ஆண்ட்ரே இகுவாடாலா அதற்கு முந்தைய பத்து சீசன்களில் ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே இறங்கியவர். 2014-15இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், இளைஞரான ஹாரிசன் பார்ன்ஸைத் தொடக்கத்தில் இறக்கி, இகுவாடாலாவைப் பெஞ்சுக்கு அனுப்பினார். லீக் சுற்று முழுவதும் அவர் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்கத்தில் இறங்கவில்லை. அணியோ 67 ஆட்டங்களை வென்றது.

இறுதித் தொடரில் எதிரணியான கிளீவ்லாண்ட் 2-1 என்று முன்னால் போனது. நான்காவது ஆட்டத்தில் கெர் ஏழடி உயர ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து, இகுவாடாலாவைத் தொடக்கத்தில் இறக்கினார். இத்தனை நாள் பொறுத்ததற்கான கைம்மாறாக அவர் அதைச் செய்யவில்லை. கிளீவ்லாண்டின் நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸை முதல் நிமிடத்திலிருந்தே மறிக்க ஆள் வேண்டியிருந்தது. போகட் தூரத்திலிருந்து எறிபவர் அல்ல என்பதால், அவரைக் காவல் காத்தவர் கூடைக்கடியிலேயே நின்று மற்றவர்களின் வழியையும் அடைத்தார். அந்த இடத்தைத் திறந்துவிடவும் வேண்டியிருந்தது.

அந்த முடிவுக்கு விலையும் இருந்தது. கிளீவ்லாண்ட் முதல் ஏழு புள்ளிகளை எடுத்தது. எதிரே உயரமான ஆள் இல்லாததால் அவர்களுடைய டிமோஃபி மோஸ்காவ் மட்டும் 28 புள்ளிகள் எடுத்தார். கெர் அசையவில்லை. போகட் அன்று மூன்று நிமிடம்கூட ஆடவில்லை. வாரியர்ஸ் 103-82 என்று வென்று, அடுத்த இரண்டையும் வென்று கோப்பையை எடுத்தது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவாடாலாவுக்கு. அடுத்த சீசனில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? மறுபடியும் பெஞ்சில்! அந்த அணி 73 ஆட்டங்களை வென்றது. தொடக்கத்தில் இறங்குவதைப் பதவி உயர்வாக நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அணியில் ஒரு பையன் இரண்டாவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில்) உள்ளே போனால் ஆட்டமே வேகம் பிடிக்கும். ஸ்கோர் ஷீட்டில் தொடக்க ஐவரின் பெயருக்கு நேரே நடுவர் மேசையில் வட்டம் போடுவார்கள். அந்த வட்டம் தன் மகனுக்கு விழவில்லையே என்று அவன் அப்பா என்னிடம் வந்து வருந்தினார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு மாவட்டப் போட்டியின் அரையிறுதியில், ஒரு நாள்கூட அந்த ஐந்து பேரைச் சேர்த்து ஆடவிடாமல், அவனைத் தொடக்கத்தில் இறக்கினேன். மூன்றாவது நிமிடத்தில் லைன் பக்கம் ஓடி வந்து, "மாஸ்டர், நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது குவார்ட்டரில் அனுப்ப ஆளும் இல்லை. தோற்றோம். அவன் தன்னால்தான் தோற்றோம் என்று நினைத்தான். தவறு முழுக்க என்னுடையது.

பெஞ்சிலேயே வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. சான் அன்டோனியோ அணியின் மானு ஜினோபிலி 2007-08இல் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தே தன் அணியில் அதிக சராசரிப் புள்ளி எடுத்தார். அவருக்கு அது பொருந்தியது. ஒக்லஹோமா சிட்டி அணியில் ஆறாவது ஆளாக, அதாவது பெஞ்சிலிருந்து முதலில் இறங்குபவராக இருந்த ஜேம்ஸ் ஹார்டன் 2012இல் ஹூஸ்டனுக்குப் போய்த் தொடக்க ஆட்டக்காரரானார், 2018இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார். அவருக்குப் பெஞ்ச் நிச்சயம் சிறிய இடம்தான். ஆனால் ஹூஸ்டனில் பந்து அவர் கையில் கொடுக்கப்பட்டது. ஒருவரைத் தொடக்கத்தில் இறக்கும் பயிற்சியாளர், பந்தை யாரிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுக்கப்போகிறோம் என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஆட்ட விவரம் வெளியிடும்போது, கடைசி ஐந்து நிமிடங்களில் களத்தில் இருந்த ஐந்து பேர் யார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துப் போடுங்கள். பயிற்சியாளர் யாரை நம்புகிறார் என்பது அங்கேதான் தெரியும். பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்