எதிர்வீட்டு அம்மிச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, எங்கள் தமிழ் எழுத்து விளையாட்டுக்காகச் சேர்த்துவைத்திருந்த எழுத்து மாதிரிகள் எல்லாம் பேக்கப் இல்லாமல் போய்விட்டன. அது எப்படி ஆனது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அதைக் கேள்விப்படாதவர் யாரும் மிச்சமில்லை. வேலந்தாவளம் வரைக்கும் செய்தி போய்விட்டது என்று என் மாமாவே போன் செய்து துக்கம் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளையாட்டு ஓடியது, அது போதும். இன்னும் சரியாகத் தூங்கவில்லை. தூங்கி எழுந்தால் சொல்ல வேண்டியதில் பாதி மறந்துபோகும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேர். இதற்கு முன் ஒருவர்கூட விளையாட்டு எதுவும் உருவாக்கியதில்லை. பல பேர் ஆன்லைனில் ஒன்றாகச் சேர்ந்து, திரையில் வரும் தமிழ்ச் சொல்லை விரலால் எழுத வேண்டும். முதலில் சரியாக எழுதி முடித்தவருக்குப் புள்ளி. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நன்றியில் பெரும்பங்கு எங்கள் எதிர்வீட்டு அம்மிச்சிக்கு (பாட்டிக்கு). "எம் பேரெல்லாம் எதுக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை.

ரெண்டு வாரம் முன்னால், சும்மா விளையாடிப் பார்க்கட்டுமே என்று அவரிடம் போனைக் கொடுத்தோம். 'யானை' என்ற சொல் வந்தது. 'யா' எழுதினார், பச்சை விழுந்தது. 'னை' எழுதினார், சிவப்பில் 'தவறு' என்று வந்தது. திரும்ப எழுதினார், திரும்பவும் தவறு. மூன்றாம் தடவை போனை என்னிடம் நீட்டி, "நான் தப்பா எழுதிப்போட்டனா கண்ணு?" என்றார். பால் சொசைட்டியில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதின கை அது. எட்டிப் பார்த்தேன். சங்கிலிக்கொம்பு இல்லை, அந்த இடத்தில் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு.

தமிழ்நாட்டு அரசு 1978இல் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணா, றா, னா வரிசையில் ஒன்பது. ணை, லை, ளை, னை நான்கு. அம்மிச்சி பள்ளியை விட்டது அதற்கு வெகு முன்னால். (கேரள அரசு 1971இல் மலையாள எழுத்தையும் சீர்திருத்தியது. ஆக எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு, படித்த ரெண்டு எழுத்துமே கண்ணெதிரே மாறிப்போனது.) எங்களுக்குத் தெரிந்த ஒரே 'னை' பாடப்புத்தகத்தில் இருப்பது. "உங்க தப்பு இல்லைங்க அம்மிச்சி, போனுக்குத்தான் தெரியல" என்று சமாளித்தேன். "யானைக்குத் தும்பிக்கை இல்லாட்டி எப்படி கண்ணு?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம், அப்புறம் மறந்துவிட்டோம். சரிசெய்யக்கூடத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்தான் கதவைத் தட்டினார். வாசலில் அம்மா புலம்பியது காதில் விழுந்திருக்க வேண்டும். கையில் பழைய பால் கணக்கு நோட்டு. அதன் பின்பக்கங்களில் அகரத்திலிருந்து தொடங்கி எல்லா எழுத்தையும் பென்சிலில் எழுதிவைத்திருந்தார். ராத்திரியே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "உங்க எழுத்தெல்லாம் போயிடுச்சாமே, இதை வெச்சு மறுபடி பண்ணிக்கலாமா?"

காகிதத்தில் இருப்பது எங்களுக்கு உதவாது. விரல் எந்த வழியாகப் போனது என்ற புள்ளிகள்தான் வேண்டும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படியோ சொன்னேன். "அப்ப போனைக் குடு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

காய்ந்து வெடித்த அவர் விரல்நுனியைத் திரை லேசில் உணரவில்லை. ஒரு துண்டை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் விரலை அதில் ஒற்றி ஒற்றி எழுதினார். எழுத்துக்கு ஐந்து தடவை. பழைய வடிவம் 13ஐயும் தனியாக. மூன்று போதும் என்று சொன்னதற்கு, "ஒருத்தர் எப்பவும் ஒரே மாதிரியா எழுதுவாங்க?" என்று கேட்டார். எங்கள் நால்வருக்கும் அதுவரை உறைக்காத விஷயம் அது.

ஒருவர் ஒரு காலைப்பொழுதில் எழுதியது எப்படிப் போதுமானது என்று பலர் கேட்டீர்கள். விரல் போட்ட கோட்டை, சேர்த்துவைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும். முதலில் நாங்கள் எடுத்தது 2007இல் வந்த 'டாலர் ஒன்' என்ற முறை. நிரல் சின்னது, கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றது. ஆனால் விரலை எடுக்காமல் எழுதும் வடிவம்தான் அதற்குப் புரியும். 'கொ' எழுதினால் திணறும். அதனால் 2012இல் வந்த 'டாலர் பி'க்கு மாறியிருந்தோம். அது எழுத்தை வெறும் புள்ளிக் கூட்டமாகப் பார்க்கிறது. எதை முதலில் எழுதினீர்கள், எத்தனை தடவை விரலை எடுத்தீர்கள் என்று கேட்பதில்லை. அம்மிச்சி சில சமயம் 'க'வை எழுதிவிட்டுத்தான் கொம்பு போடத் திரும்பி வருவார். அதற்கு அது பொருட்டே இல்லை. எழுத்துக்கு நாலைந்து மாதிரி இருந்தாலே ஓரளவு சமாளித்துவிடும். ஞாயிறன்று மலையாளப் பள்ளியில் படிக்கும் பொடிசுகள் 'ப'வில் ஒரு சுழியைச் சேர்த்து எழுதியபோது கொஞ்சம் தடுமாறியது, மற்றபடி மானத்தைக் காப்பாற்றியது.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சாவியைக் கொடுத்து ராத்திரி ஒன்பது வரை நூலகத்தைத் திறந்துவைக்க விட்ட ஐயா. விற்க வைத்திருந்த மூன்று பழைய போன்களை எழுதி வாங்காமல் கொடுத்த மொபைல் கடை அண்ணன். "விரல் நகர்ற ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியா அனுப்பாதீங்கடா, 50 மில்லிசெகண்டுக்கு ஒருதரம் சேர்த்துக் கட்டி அனுப்புங்க" என்று கோவையிலிருந்து போனில் திட்டிய அண்ணா (அதற்குப் பிறகுதான் அடுத்தவர் எழுதுவது திக்காமல் தெரிந்தது). டீயும் போண்டாவும் கொண்டுவந்த தங்கைகள். பேக்கப் எடுக்கச் சொல்லி மூன்று மாதமாகக் கத்திய நண்பனுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இனி எல்லாம் ரெண்டு இடத்தில் இருக்கும். ஒன்று அம்மாவின் கடுகு டப்பாவுக்குள் பென்டிரைவில். 'தவறு' என்ற சொல்லை விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். 'இன்னொரு தரம் எழுதுங்க' என்றுதான் வரும். பழைய 13 வடிவங்களுக்கும் முழுப் புள்ளி உண்டு. நாங்கள் இதை நடத்தும்வரை அவை எடுக்கப்படமாட்டா.

நேற்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "பின்பக்கத்தைக் கிழிச்சுக்கோ, முன்னால பாக்கி கணக்கு இருக்கு" என்றார். கிழிக்க மனம் வரவில்லை. படம் எடுத்துக்கொண்டு அப்படியே கொடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு ஏழு மணி ஆட்டத்துக்கு ஈரத்துண்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.