செக்கு மாடும் காந்தப் பாயமும்

காவேரிப்பட்டணம்,
ஜூன் மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இந்தக் கோடையில் போர்வெல் வற்றி, தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடி, காயில் கருகி வந்தவைதான் கடை முழுக்கக் கிடந்தன. இப்போது பெங்களூரா மாங்காய் இறங்கத் தொடங்கிவிட்டதால் தோப்புக்காரர்கள் அந்த வேலைக்குப் போய்விட்டார்கள், எனக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மின்னோட்டம் பாயும் நேர்க்கம்பியைச் சுற்றி ஒரு உருளை வரைந்தால் அதன் வழியாகச் செல்லும் காந்தப் பாயம், அதாவது அந்தப் பரப்பை மொத்தமாக எவ்வளவு காந்தப் புலம் துளைக்கிறது என்ற அளவு, பூச்சியம் என்று சொன்னால், உன் பிளஸ் டூ பிள்ளைகள் ஏற்க மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கம்பிக்குப் பக்கத்தில்தானே புலம் வலுவாக இருக்கிறது, அங்கே எப்படிப் பூச்சியம் என்கிறார்களாம். நல்ல கேள்வி. அதை விதியைச் சொல்லி மட்டும் அடக்கிவிடாதே.

செக்கு மாட்டைச் சொல்லு. செக்கைச் சுற்றி வரும் மாட்டின் தடத்துக்கு வெளியே வட்டமாக வேலி போட்டால் மாடு அதை ஒருமுறைகூடக் கடக்காது. செக்கிலிருந்து நேராக வெளிப்பக்கம் ஒரு வாசல் நட்டால் சுற்றுக்கு ஒருமுறை அதற்குள் நுழைந்தே தீரும். கம்பியைச் சுற்றும் புலமும் அப்படித்தான். உருளையின் தோலை ஒட்டியே ஓடுகிறது, துளைப்பதில்லை. கம்பிக்குக் குறுக்காக வைத்த வட்டத் தட்டையும் துளைப்பதில்லை. கம்பிக்குப் பக்கத்தில், அதே தளத்தில் ஒரு செவ்வகச் சட்டத்தை நிறுத்து, அதைச் செங்குத்தாகத் துளைக்கும். உருளைக்குப் பதில் கோணல்மாணலான ஒரு மூட்டையால் கம்பியை மூடினாலும் கணக்கு மாறாது. ஒரு பக்கம் நுழைந்த பாயம் மறுபக்கம் வெளியே வந்துவிடும், மொத்தம் பூச்சியம். மூடிய பரப்பு எதுவானாலும் இதுதான் காந்தத்துக்கான காஸ் விதி.

அந்தச் செவ்வகச் சட்டத்தில்தான் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை. புலம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தொகையிட்டால் பாயம் இயல் மடக்கையாக வருகிறது. 10 ஆம்பியர், 1 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள். கம்பியிலிருந்து 1 செ.மீ முதல் 2 செ.மீ வரையுள்ள பட்டையில் சுமார் 1.39 மைக்ரோவெபர். 10 செ.மீ முதல் 20 செ.மீ வரையுள்ள பட்டை அதைவிடப் பத்து மடங்கு அகலம், ஆனால் பாயம் அதே 1.39! தூரங்களின் விகிதம் மட்டுமே முக்கியம். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொள்ளாதே. சட்டம் அகலமாக ஆக பாயம் எல்லையில்லாமல் வளருமே என்று யாராவது கேட்டால் அவனைத் தட்டிக்கொடு. முடிவிலி நீளக் கம்பி புத்தகத்தில்தான் உண்டு. நிஜத்தில் போன மின்னோட்டம் இன்னொரு கம்பி வழியாகத் திரும்பியாக வேண்டும், அதன் புலம் தூரத்தில் இதைத் தணித்துவிடும்.

வகுப்பில் காட்டுவதற்கு டிராக்டர் பேட்டரியும் 55 வாட் ஹெட்லைட் பல்பும் போதும். சுமார் 4.6 ஆம்பியர் ஓடும். கம்பியை வடக்கு தெற்காகப் பிடித்து, 1 செ.மீ கீழே திசைகாட்டியை வை. அங்கே கம்பியின் புலம் சுமார் 92 மைக்ரோடெஸ்லா, பூமியின் புலம் நம் பக்கம் ஏறக்குறைய 40. முள் சட்டென்று திரும்பும். 1820இல் ஓர்ஸ்டெட் கண்டது இதைத்தான். வீட்டுக் கரண்டில் இது நடக்காது. விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் இழுபட்டால் முள் என்ன செய்யும், அப்படியே நிற்கும்.

அப்புறம் என் டாங் டெஸ்டர், கம்பியை அறுக்காமல் வாயால் கவ்வியே கரண்டை அளக்கும் மீட்டர். அதன் வாய் இரும்பு வளையம், அதன்மேல் காயில் சுற்றியிருக்கும். கம்பியைச் சுற்றும் புலம் இரும்புக்குள்ளேயே ஓடி, காயிலின் ஒவ்வொரு சுற்றையும் துளைக்கிறது. மாறும் பாயம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று 1831இல் ஃபாரடே கண்டதுதான் அளவாக மாறுகிறது. கம்பி வாயின் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் அளவு ஏறக்குறைய மாறாது. வளையத்தைச் சுற்றிக் கூட்டிய புலம் உள்ளே போகும் மின்னோட்டத்தை மட்டுமே பொறுத்தது என்ற ஆம்பியரின் சுற்றுவிதியைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. மிகக் குறைந்த கரண்டை அளக்க, கம்பியை வாய்க்குள் மூன்று சுற்று விடுவோம், காட்டுவதை மூன்றால் வகுப்போம்.

மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கவ்வினால், மூன்றின் கரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ மண்ணுக்குக் கரண்ட் கசிகிறது. பெரும்பாலும் போருக்குள் இறங்கும் கேபிளின் ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்திருக்கும். மில்லி ஆம்பியர் காட்டும் மீட்டரால் இதை மோட்டாரை மேலே தூக்காமலே சொல்லிவிடலாம். தூக்கும் கூலி மிச்சமாகும்போது அந்த விவசாயியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரும்புப் பெட்டிக்குள் கேபிள் நுழைக்கும்போதும் இதே சங்கதிதான். பெரிய கரண்ட் போகும் மூன்று தனிக் கம்பிகளை மூன்று தனி ஓட்டைகளில் விட்டால், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் இரும்பில் பாயம் மாறி மாறி ஓடித் தகடு சூடாகும். மூன்றையும் ஒரே ஓட்டையில் விட்டால் பாயம் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெண்ணாகரத்திலிருந்து வாயேன். மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன். தங்கச்சியையும் கூட்டி வா, செந்தூரா மாம்பழம் முடிவதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்