நடுக்கம் மட்டும்தான் பார்க்கின்சனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோயைப் பற்றி வரும் கட்டுரைகள் கை நடுக்கத்தில் ஆரம்பித்துத் தளர்ந்த நடையோடு முடிந்துவிடுகின்றன. 1817-ல் இந்த நோயை விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் புலன்களுக்கும் புத்திக்கும் பாதிப்பில்லை என்றுதான் சொன்னார். இருநூறு வருடம் கழித்தும் நாம் அங்கேயே நிற்கலாமா?

நடுக்கம் கண்ணில் படும்போதே மூளையில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களில் கணிசமான பங்கு அழிந்திருக்கும். அதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வரலாம், வாசனை தெரியாமல் போகலாம், தூக்கத்தில் கத்திக்கொண்டே கை காலை வீசலாம். சிலருக்கு யோசனையின் வேகமும் அப்போதே குறையத் தொடங்குகிறது. இதை மறதி என்று சொல்ல முடியாது, வீட்டில் யாருக்கும் பிடிபடாததும் அதனால்தான். என் அப்பா பழைய சம்பவங்களைத் தேதியோடு சொல்வார், ஆனால் வங்கிப் படிவத்தைக் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று பிரித்து வைக்கவே அரை மணி நேரம் ஆகும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, இந்த நோயில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குபவை இவைதான். நாமோ வயசாச்சு, சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுகிறோம்.

எல்லா மந்தமும் பார்க்கின்சன் இல்லை, சரி. தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம், அவற்றுக்கு மருந்தும் இருக்கிறது. அதற்காகவாவது பரிசோதிக்க வேண்டாமா?

நோய் உறுதியான பிறகும் மருத்துவர் அறையில் பார்ப்பது கையையும் நடையையும்தான், வீட்டுக் கணக்கையும் மாத்திரை டப்பாவையும் பற்றிக் கூடப் போகிறவர்கள்தான் வாய் திறக்க வேண்டும். அப்புறம், நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் போன்ற சில மருந்துகள் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் கூட்டும். அதைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். அன்றைக்காவது ஒரு நரம்பியல் மருத்துவரை இதைப் பற்றி எழுதச் சொல்லி, நடுங்கும் கையின் படத்தைத் தவிர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்