பக்க விளைவே இல்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் சளி, காய்ச்சலுக்குச் சீன மூலிகை என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது கோபத்தில். "மூலிகை என்பதால் பக்க விளைவே கிடையாது, கைக்குழந்தைக்கும் தேன் கலந்து கொடுக்கலாம்" என்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று பாலிகிளினிக் தாதி யாரைக் கேட்டாலும் சொல்வார். தங்களுக்குத் தெரியாததா?

நான் சீன மருந்துக்கு எதிரி இல்லை. தோ பாயோவில் முப்பது வருஷம் இருந்தவள், பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால் கீழ்மாடி மருந்துக் கடைக்கும் போயிருக்கிறேன். அங்கிருந்த சின்சே, அதாவது சீன வைத்தியர், எடுத்தவுடன் பொட்டலம் மடிக்க மாட்டார். மூக்கு தண்ணீராக ஒழுகுகிறதா, மஞ்சளாகக் கட்டியிருக்கிறதா, வேர்க்கிறதா என்று கேட்பார், நாக்கை நீட்டச் சொல்வார். குளிரால் வந்தது என்றால் இஞ்சி சேர்ப்பார், சூடு என்றால் வேறு மருந்து. உங்கள் கட்டுரையிலோ எல்லாக் காய்ச்சலுக்கும் யின் ச்சியாவ் சான் என்ற ஒரே மருந்துதான்.

அதையாவது ஒழுங்காகச் சொன்னீர்களா? ஊ ஜுதோங் என்ற வைத்தியர் 1798இல் எழுதிவைத்த மருந்து அது. வாசனை குப்பென்று எழுந்ததும் இறக்கிவிட வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ரசம் நுரை கட்டியதும் நாம் இறக்குவதில்லையா, அப்படி. நீங்கள் அரை மணி நேரம் கொதிக்க விடச் சொல்கிறீர்கள். அதிலுள்ள புதினாவின் வாசமெல்லாம் மச்சுக்குப் போய்விடும், பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? ஹனிசக்கிள் என்ற ஆங்கிலப் பெயரை உடைத்து 'தேனுறிஞ்சிப் பூ' என்று ஒரு பூ வேறு. வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறுவதால் சீனர்கள் அதைப் பொன்வெள்ளிப் பூ என்பார்கள். மொழிபெயர்த்தவர் மனிதர்தானா?

1981இல் என் இளையவன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தத்தில் ஒரு நொதி குறைவு, என்றார்கள். 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கிற குழந்தைகளுக்குச் செய்கிற சோதனைதான். வீட்டுக்கு வந்த மறுநாள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, குழந்தையின் சூடு இறங்கட்டும் என்று பாசமாக ஹுவாங் லியன் என்ற கசப்பு மூலிகையின் கஷாயம் கொண்டுவந்தார். அப்போது அது இங்கே தடை. இந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றிவிடும் என்று பயந்து 1978இல் தடுத்திருந்தார்கள், பாட்டி ஜொகூரிலிருந்து வரவழைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே தொட்டியில் ஊற்றிவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவர்.

2013இல் அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். சரி, கடையில் கிடைக்கட்டும். ஆனால் உங்கள் பட்டியலில் ஹுவாங் லியன் இருக்கிறது, ஜி6பிடி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

சீன மருந்தில் மட்டுமா இப்படி? போன வருஷம் வசம்பு பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக்கி, 'ஒரு வாசகி' என்று போட்டீர்கள். ராசிபலனுக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்துவிடுகிறது. அப்புறம், பேப்பர் காலை எட்டு மணிக்கு மேல் வருவதைப் பற்றி இனி எழுதப் போவதில்லை, அலுத்துவிட்டது.

வரும் ஞாயிறு இரண்டே வரி போடுங்கள்: ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், ஜி6பிடி பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம். கடைசிப் பக்கத்துக் கீழ்மூலை மட்டும் வேண்டாம், அந்த எழுத்து கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
நான்கு பேரப்பிள்ளைகளின் பாட்டி,
ஈசூன், சிங்கப்பூர்